சக்கரத்தில் பெற்ற சாட்சியம்

மேற்கு மலை முகடுகளில் தன் கடைசிச் செம்பொன்னை வாரி இறைத்துவிட்டுக் கதிரவன் மறைந்துகொண்டிருந்தான். கிழக்கே ஆலிவ் தோப்புகளுக்கு மேலாக, மணவறைக்கு வரத் தயங்கும் புதுப்பெண்ணைப் போல முழுமதி மெல்ல முகம் காட்டியது. இரண்டு ஒளியையும் ஒருசேர ஏந்தியபடி மெலாஸ் நதி சலசலத்து ஓடிக்கொண்டிருக்க, அதன் கரையெங்கும் அடித்திருந்த பாசறைகளில் வெற்றி ஆரவாரம் விண்ணை எட்டியது. பகை நகரமான தோரோனின் படை ஆற்றைக் கடக்க முயன்று தோற்றோடிய மறுநாள் அது. அந்த வெற்றிக்குக் காரணமான படைப்பிரிவுத் தலைவன் நிகாந்திரன் மட்டும் ஆரவாரத்தை விட்டு விலகி, நாணல் புதர்களுக்கு அருகே தனியாக நின்றிருந்தான்.

அன்பார்ந்த வாசகர்களே! முடியும் செங்கோலும் அரண்மனையும் கொண்ட நம் நாட்டு அரசுகளை மனத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் அர்கலியா நகருக்குள் நுழைந்தால் திகைத்துப் போவீர்கள். யவன நாட்டின் எத்தனையோ சிறு நகர அரசுகளுள் ஒன்றான அர்கலியாவில் அரசன் என்று எவனும் இல்லை. குன்றின் சரிவில் குடிமக்கள் கூடிக் கைகளை உயர்த்தினால் அதுவே சட்டம்; அதுவே போர்; அதுவே சமாதானம். கேட்பதற்கு எவ்வளவு இனிமையாக இருக்கிறது! ஆனால் அந்தக் கையை உயர்த்தும் உரிமை யாருக்கு? பெண்ணுக்கு இல்லை. அயலூரானுக்கு இல்லை. அடிமைக்கோ தன் கைமீதே உரிமை கிடையாது. போதாக்குறைக்கு, தாய் தந்தை இருவருமே குடிமக்களாய் இருந்தால்தான் பிள்ளையும் குடிமகன் என்று சென்ற ஆண்டு ஒரு புதிய சட்டம் பிறந்திருந்தது. அந்தச் சட்டத்துக்கு முதலில் உயர்ந்த கைகளில் ஒன்று நிகாந்திரனுடையது.

நாணல்கள் விலகின. வெண்ணிற ஆடையும் நெற்றியில் பொன்னிறப் பட்டையும் அணிந்த இளநங்கை ஒருத்தி வந்து நின்றாள். ஆற்றங்கரையில் கோயில் கொண்டிருக்கும் வேட்டைத் தெய்வம் ஆர்த்தெமிஸின் பூசாரிணி மெலித்தே அவள். நல்ல குடியில் பிறந்த பெண்கள் வீட்டின் உள்ளறையை விட்டு வெளியே வராத அந்த நகரத்தில், தெய்வப் பணி செய்யும் காரணத்தால் அவளுக்கு மட்டும் வீதியில் நடக்கும் சுதந்திரம் இருந்தது. இளவேனில் வந்ததும் பூசாரிணிப் பட்டையைக் களைந்து நிகாந்திரனை மணப்பதென்று முடிவாகியிருந்தது.

"வென்றவர் இப்படித்தான் தனியே நின்று தண்ணீரைப் பார்ப்பாரோ?" என்று அவள் சிரித்தாள். "நாளைக் காலையில் மன்றம் உங்களைத் தளபதியாக்கப் போகிறதாமே. ஊரே பேசிக்கொள்கிறது."

"லைக்கோன் எதிர்ப்பான்."

"எதைச் சொல்லி எதிர்ப்பார்? உங்கள் வீரத்திலே குறை காண முடியாதே! நிகாந்திரரே, நான் அறிய வேண்டியது ஏதாவது இருக்கிறதா? இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். எதுவானாலும் உங்கள் வாயால் கேட்கவே விரும்புகிறேன்."

அவன் ஒரு கணம் அவள் கண்களைப் பார்த்தான். பிறகு நதியைப் பார்த்தான். "எதுவும் இல்லை, மெலித்தே" என்றான்.

அது பொய். அவன் தந்தை எவாந்திரர் உயிர் பிரியும் நேரத்தில் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு அவனிடம் உண்மையைச் சொல்லியிருந்தார். அவருடைய மனைவி பெற்ற குழந்தை பிறந்த அன்றே கண்மூடிவிட்டது. அதே நாட்களில் வீட்டு அடிமைப்பெண்ணும் அவருக்கு ஓர் ஆண் மகவைப் பெற்றிருந்தாள். அந்த மகவு எஜமானியின் தொட்டிலுக்கு இடம் மாறியது. பெற்றவளையே செவிலியாக்கிப் பாலூட்ட வைத்தார்கள். வடக்கே திரேஸ் நாட்டிலிருந்து பிடித்துவரப்பட்டவள் என்பதால் அவளைத் திராத்தா, அதாவது திரேஸ்காரி, என்று அழைத்தார்கள். நிகாந்திரனும் அப்படியே அழைத்தான். உண்மை தெரிந்த பிறகும் அப்படியே அழைத்தான். அவள் அவனை "எஜமானே" என்றாள்.

மறுநாள் காலை குன்றின் சரிவில் மன்றம் கூடியது. நிகாந்திரனின் பெயரைக் கேட்டதும் எழுந்த முழக்கம் அடங்குவதற்குள், செல்வக்குடியில் பிறந்தவனும் நாவன்மை மிக்கவனுமான லைக்கோன் பேச்சுமேடையில் ஏறினான்.

"அர்கலியாவின் ஆடவர்களே! இவருடைய வாளின் கூர்மையை நான் ஐயுறவில்லை. இவருடைய பிறப்பைத்தான் ஐயுறுகிறேன். எவாந்திரர் மனைவிக்குப் பிறந்த குழந்தை மாண்டது என்றும், வீட்டு அடிமை பெற்ற பிள்ளையே இவர் என்றும் எனக்குத் தெரியவந்திருக்கிறது. அந்த அடிமை இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள். முறைப்படி அவளைச் சாட்சியம் கேளுங்கள்!"

'முறைப்படி' என்ற சொல்லின் பொருள் நிகாந்திரனுக்கு நன்றாகத் தெரியும். அந்நாட்டில் அடிமையின் சொல்லுக்குத் தனியாக மதிப்பு இல்லை. உடலை வதைத்து வாங்கினால்தான் அது சாட்சியம். அதற்கும் எஜமானனின் சம்மதம் வேண்டும். சம்மதிக்க மறுத்தாலோ, மறைக்க ஏதோ இருக்கிறது என்பதே பொருள்.

"நிகாந்திரரே, உங்கள் அடிமையை ஒப்படைக்கிறீர்களா?" என்று மன்றத் தலைவர் கேட்டார்.

ஆயிரக்கணக்கான முகங்கள் அவனையே நோக்கின. 'மாட்டேன்' என்று ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் தளபதிப் பதவி போகும், குடியுரிமை போகும், மெலித்தே போவாள், அடிமைச் சந்தையில் அவனையே நிறுத்தினாலும் நிறுத்துவார்கள்.

"ஒப்படைக்கிறேன்" என்றான்.

நீதிமன்றத்தின் பின்கட்டில் மரச்சக்கரம் ஒன்று இருந்தது. எஜமானன் அருகில் நிற்க வேண்டும் என்பது விதி. திராத்தாவை அழைத்துவந்தபோது அவள் அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பயத்தையாவது கோபத்தையாவது எதிர்பார்த்த அவன் வேறொன்றைக் கண்டான். குளிர்காலத்தில் போர்வையின்றி வெளியே போகும் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அதன்பின் அவன் அங்கிருந்த தூணையே பார்த்துக்கொண்டு நின்றான். சக்கரம் முனகியது, கயிறுகள் இறுகின, எலும்பு விலகும் ஓசையும் கேட்டது.

"இவரைப் பெற்றது யார்?"

"என் எஜமானியம்மாள்."

மீண்டும் சக்கரம் சுழன்றது. மீண்டும் அதே கேள்வி. "எஜமானியம்மாள்தான்... என் எஜமானியம்மாள்தான்..." குரல் தேய்ந்ததே தவிர, சொல் மாறவில்லை. ஒரு சமயம் நிகாந்திரன் வாயைத் திறந்தான். எதிரே லைக்கோனின் கண்கள் பளிச்சிட்டதைக் கண்டான். 'இப்போது சொன்னால் இவள் இதுவரை பட்டதெல்லாம் வீணாகுமே!' என்று நினைத்தான். வாயை மூடிக்கொண்டான். கோழைத்தனம் எத்தனை அழகான காரணங்களைக் கண்டுபிடிக்கிறது, பார்த்தீர்களா!

"சாட்சியம் மெய்ப்பட்டது!" என்று அதிகாரி அறிவித்ததுதான் தாமதம், வாயிலில் காத்திருந்த வீரர்கள் உள்ளே பாய்ந்து, நிகாந்திரனின் தலையில் ஆலிவ் மாலையைச் சூட்டி, தோள்களில் தூக்கிக்கொண்டு நகர்வலம் புறப்பட்டார்கள். அவன் கையசைத்தான். பெண்கள் பலகணிகளிலிருந்து மலர் தூவினார்கள். அவிழ்த்துப் போட்ட கயிறுகளுக்கு நடுவே பின்கட்டில் கிடந்தவளை எடுத்துப்போக ஒருவரும் இல்லை என்பது ஊர்வலம் பாதி வீதியைக் கடந்த பிறகுதான் அவன் நினைவுக்கு வந்தது. அப்போதும் அவன் இறங்கவில்லை.

அந்திப்பொழுதில் அவன் பின்கட்டுக்கு ஓடியபோது அது வெறிச்சோடிக் கிடந்தது. பூசாரிணி வந்து எடுத்துச் சென்றதாகக் காவலன் சொன்னான். ஆற்றங்கரைக் கோயிலை அவன் அடைந்தபோது மெலித்தே வாயிலில் நின்றிருந்தாள். அவள் வெண்ணாடையில் இரத்தக்கறை படிந்திருந்தது.

"நில்லுங்கள், தளபதி. படியைத் தாண்ட வேண்டாம்."

"மெலித்தே, அவள்..."

"உயிர் இருக்கிறது. மயக்கத்தில் என்ன பிதற்றினாள் தெரியுமா? 'குழந்தை சாப்பிட்டானா, குழந்தை சாப்பிட்டானா' என்றே கேட்டாள். எந்த அடிமையும் எஜமானனைப் பற்றி அப்படிப் பிதற்றமாட்டாள். சக்கரத்தால் வாங்க முடியாத சாட்சியத்தை நான் ஈரத்துணியால் வாங்கினேன்."

அவன் தலை தாழ்ந்தது. தலையில் இன்னும் மாலை இருந்தது.

"நேற்று இதே கரையில் உங்களைக் கேட்டேன்" என்றாள் அவள். "அப்போது சொல்லியிருந்தால், அடிமையின் மகனை மணக்கச் சட்டம்தான் என்னைத் தடுத்திருக்கும், என் மனம் தடுத்திருக்காது. எந்தத் தீவுக்காவது ஓடிப்போயிருப்போம். ஆனால் பெற்றவளைச் சக்கரத்தில் ஏற்றிவிட்டு மாலை சூடி வலம் வந்தவரை..." முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.



"மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை" என்றான் நிகாந்திரன் கடைசியில். "நாளை மன்றத்தில் உண்மையைச் சொல்லப் போகிறேன். சொன்னதும் என் உடைமைகளை எல்லாம் நகரம் எடுத்துக்கொள்ளும். அவளும் என் உடைமைதான்; ஏலத்துக்குப் போய்விடுவாள். ஆகவே, இப்பொழுதே அவளைத் தெய்வத்துக்கு அர்ப்பணித்து விடுதலை செய்ய வேண்டும். அதற்கு உங்களுக்கு அதிகாரம் உண்டல்லவா?"

அவள் அவனைக் கூர்ந்து நோக்கினாள். பிறகு பீடத்தின் பக்கம் திரும்பிக் கைகளை உயர்த்தினாள். "உண்டு. தெய்வத்தின் முன்னே அவள் பெயரைச் சொல்லுங்கள்."

"திராத்தா."

"அது பெயரா? கறுப்பு நாயைக் கறுப்பு என்று கூப்பிடுவதுபோல நாட்டைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அவளுக்கு அவள் தாய் இட்ட பெயர் என்ன?"

நிகாந்திரன் விழித்தான். அவள் பாலைக் குடித்தவன். அவள் தோளில் உறங்கியவன். ஒருநாள்கூட அவன் அதைக் கேட்டதில்லை. போரில் அவன் எத்தனையோ காயங்களைப் பெற்றிருந்தான். எதுவும் இவ்வளவு ஆழமாக இறங்கியதில்லை. அவன் படியில் நெற்றியை வைத்தான்.

"தெரியாது" என்றான். "எனக்குத் தெரியாது."

கோயிலின் உள்ளிருந்து, காற்றில் உலர்ந்த இலை உரசுவதுபோல ஒரு குரல் வந்தது. "ஸைக்கா. எங்க ஊர்ல ஸைக்கான்னு கூப்பிடுவாங்க."

மறுநாள் காலை, தளபதியின் உறுதிமொழியைக் கேட்கத் திரண்டிருந்த மன்றத்தின் முன் அவன் மாலையின்றி, வாளின்றி ஏறி நின்றான்.

"அர்கலியாவின் ஆடவர்களே! லைக்கோன் சொன்னது உண்மை. பொய் சொன்னவன் நான். நேற்று நீங்கள் சக்கரத்தில் ஏற்றியவள் என் தாய். அது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் ஒப்படைத்தேன். சென்ற ஆண்டு அந்தச் சட்டத்துக்குக் கை உயர்த்தியபோதும் தெரியும். என் பிறப்பில் வெட்கப்பட எதுவும் இல்லை. நேற்று அந்தத் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அதற்காகத்தான் வெட்கப்படுகிறேன்."

அடுத்த கணம் குன்றே அதிர்ந்தது. "விற்றுவிடுங்கள்!" என்று சிலர் கத்தினார்கள். "ஆற்றங்கரையில் நம்மைக் காத்தவனையா?" என்று சிலர் கத்தினார்கள். லைக்கோன் பேச எழுவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவன் எழவில்லை. நினைத்ததெல்லாம் கைக்கு வந்த அந்த நேரத்தில், சக்கரத்தை முதலில் கேட்டது தன் வாய்தான் என்பது உறைத்ததோ என்னவோ, மண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இறுதியில் கைகள் உயர்ந்தன. வெற்றியை எண்ணி அடிமைச் சந்தை தவிர்க்கப்பட்டது. பொழுது சாய்வதற்குள் எல்லையைக் கடந்துவிட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அவனைத் தோளில் தூக்கிய கைகளும் உயர்ந்த கைகளுள் இருந்தன. அவன் அவர்களை நொந்துகொள்ளவில்லை. தன் கையும் அப்படி உயர்ந்தது உண்டல்லவா?

நகர எல்லையைக் குறிக்கும் கல்லருகே அவன் வந்தபோது, கோயில் கழுதை ஒன்றின்மேல் ஸைக்கா அமர்ந்திருந்தாள். கைகளிலும் தோள்களிலும் கட்டுகள். பக்கத்தில் மெலித்தே நின்றாள்.

"காயம் ஆறும்வரை கோயிலிலே இருக்கச் சொன்னேன். கேட்கவில்லை" என்றாள் மெலித்தே.

"கோயில் நல்ல இடந்தான் அம்மா" என்றாள் ஸைக்கா. "இந்த ஊர்க் காத்துதான் போதும்னு ஆயிடுச்சு. வடக்கே போறேன். எங்க ஆறு அங்கேதான் ஓடுது."

நிகாந்திரன் அவள் பாதங்களை நோக்கிக் குனிந்தான், தொடத் துணியவில்லை. கல்லின்மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னான்: "விண்ணும் இந்த நதியும் சாட்சி. இவளை அம்மா என்று அழைக்கும் உரிமையை நேற்று நான் விற்றுவிட்டேன். இவளாக அதைத் திருப்பித் தரும் நாள்வரை அந்தச் சொல்லை என் வாய் சொல்லாது. இவள் போகுமிடமெல்லாம் ஏவலனாக உடன்போவேன். வேண்டாமென்று இவள் துரத்தினால், இவள் கண்ணில் படாத தொலைவில் பின்தொடர்வேன்."

பிறகு மெலித்தேயை நோக்கித் திரும்பினான். அவள் கண்களில் நீர் திரண்டிருந்தது.

"இன்று என்னால் மன்னிக்க முடியாது, நிகாந்திரரே. கேட்காதீர்கள்."

"கேட்க வரவில்லை."

"நெற்றியிலுள்ள பட்டையை நான் களையப் போவதில்லை. அதற்குமேல் எதையும் சொல்லமாட்டேன்" என்று கூறிவிட்டு, அவள் திரும்பிப் பாராமல் கோயிலை நோக்கி நடந்தாள். வழியில் ஒருமுறை அவள் நடை தயங்கியது, ஆனால் நிற்கவில்லை.

மலைகளின் நிழல் சாலையை மூடிக்கொண்டு வந்தது. ஸைக்கா அவனை வெகுநேரம் பார்த்தாள். கட்டுப்போட்ட விரல்களால் கழுதையின் கயிற்றை இழுக்க முயன்றாள். முடியவில்லை.

"நிகாந்திரா" என்றாள்.

அவள் அவனைப் பெயர் சொல்லி அழைத்தது அதுவே முதல்முறை.

"சும்மா நின்னா எப்படி? இந்தக் கயித்தைப் பிடி. பொழுது போவுது."

அவன் பிடித்தான்.