சீட்டுக்கு அடியில் இருந்த எண்

1953. செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி.

மீன் விற்றுவிட்டுத் திரும்பிய வியாகுலம்மாள் போட்ட கூச்சலில் ராயபுரத்தின் அந்தத் தெருவே கூடிவிட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் புருஷன் கஸ்பார் கட்டிலில் பிணமாகக் கிடந்தான். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"பொண்டாட்டி ஊசி போட்டா, ஆளு பூட்டான்" என்றது தெரு. சப்-இன்ஸ்பெக்டர் தேசப்பனுக்கும் அப்படித்தான் தோன்றியது.

"சர்க்கரைக்கு ஊசி யாரும்மா போடறது?"

"நான்தான் சார். கிளினிக்ல கத்துக் குடுத்தாங்க. ஏழு மணிக்குப் போட்டேன்."

"எவ்ளோ?"

"எப்பவும் போடற அதே கோடு வரைக்கும்."

"மருந்து எப்ப வாங்கினே?"

"நேத்து சாயங்காலம்."

"நேத்து சண்டையாமே?"

"சண்டை இல்லாத வூடு எங்க சார் கீது?"

அவளை ஸ்டேஷனுக்கு அனுப்பினார். தீர்ந்துபோன பழைய புட்டி, புதிய புட்டி இரண்டையும் எடுத்துக்கொண்டார். விஷத்தின் அடையாளமே இல்லை என்றார் போலீஸ் டாக்டர்.

மாலை நான்கு மணி. துறைமுகத் தொழிலாளருக்கும் பட்டாளத்துக் குடும்பங்களுக்கும் சேர்த்து நடந்த சர்க்கரை வியாதி கிளினிக். இரண்டு பிரிவுக்கும் தனித்தனி மருந்து அலமாரி. இரண்டு சாவியும் கம்பவுண்டர் லியாகத் அலியிடம். வாசல் பலகையில், 'தொழிலாளர் பிரிவு: வெள்ளி முதல் இன்சுலின் இல்லை.'

"கஸ்பாருக்கு நேத்து மருந்து ஏது?"

"பழைய ஸ்டாக்குல ஒண்ணு இருந்துச்சு சார்."

"இருந்தா ஏன் நாலு நாள் அலைய வுட்டே?"

தேசப்பன் புதிய புட்டியைத் தண்ணீரில் போட்டார். மேலே ஒட்டியிருந்த கிளினிக் சீட்டு நழுவியது. அடியில் பட்டாளத்து முத்திரை. 80 என்ற எண்.

"பழைய புட்டில நாப்பதுன்னு கீது. இது ரெண்டு மடங்கு வீரியம். பட்டாளத்து அலமாரிலேர்ந்து திருடினது தெரியக்கூடாதுன்னு நீ சீட்டு ஒட்டினே. அந்தம்மா அதே கோடு வரைக்கும் இழுத்துச்சு. சர்க்கரை அடியோட எறங்கி ஆளு பூட்டான்."

"மருந்தில்லாம செத்துடுவான்னு பயந்தேன் சார். மறைக்கிற அவசரத்துல நம்பரைப் படிக்கல." சட்டென்று லியாகத் அலி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஐயோ, தண்டையார்பேட்டை சொக்கம்மாளுக்கும் ஒண்ணு குடுத்தேன். அஞ்சு மணிக்கு ஊசி!"

ஜீப் போய் நின்றபோது சொக்கம்மாள் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். லியாகத் அலி ஓடிப்போய்ப் பிடுங்கினார்.

"நீதானேப்பா தேடிக் குடுத்தே! ஏன் புடுங்கறே?"

அவர் மண்ணிலேயே உட்கார்ந்து அழுதார்.

ஆறு மணிக்கு ஸ்டேஷனில் தேசப்பன் எல்லாவற்றையும் சொன்னார். "உம்மேல தப்பில்லம்மா. வூட்டுக்குப் போ."

வியாகுலம்மாள் எழுந்திருக்கவில்லை. "ஊசி போட்டது நான்தானே சார்?"

சந்தேகப்பட்டதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தார் தேசப்பன். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.