பழைய சாவிகளை விட்டுப் பார்க்கும்

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது மலர்விழியின் விசாரணை அலுவலகம். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஓர் இளம்பெண் படியேறி வந்தபோது, அமல்தாஸ் வழக்கம்போல் தினசரியில் எழுத்துப் பிழைகளுக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். அச்சகத்தில் நாற்பது வருஷம் புரூஃப் பார்த்த கை. ஓய்வு பெற்ற பிறகும் அரிப்பு அடங்கவில்லை. மளிகைச் சீட்டைக்கூடத் திருத்த ஆரம்பித்ததும் அவர் மனைவி இன்னாசியம்மாள்தான், "எங்கயாச்சும் போய் உக்காருங்க" என்று இங்கே அனுப்பிவைத்தாள். போலீஸ் கம்ப்யூட்டர் பிரிவை விட்டு வந்து தனியாகத் தொழில் நடத்தும் மலர்விழிக்குக் கடிதம் எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது. அமல்தாஸோ தன்னைத் துணைத் துப்பறிவாளராகவே நியமித்துக்கொண்டார்.

"என் பேரு கலைமதிங்க. பென்னாகரம் பக்கம் வூடு. கடத்தூர்ல ரஞ்சித்குமார் சார் கம்பெனில வேலை செஞ்சேன். திருட்டுப் பட்டம் கட்டி வெளிய அனுப்பிட்டாங்க" என்றாள் அவள். குரல் உடையவில்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள் போலும்.

விஷயம் இதுதான். மருத்துவமனைகள், சங்கங்கள் போன்றவற்றின் சர்வர்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று சோதித்துச் சொல்வது அந்த நிறுவனத்தின் தொழில். அதற்காக குரு என்ற பொறியாளர் 'தட்டிப்பார்' என்றொரு கருவியை எழுதியிருந்தார். கருவி என்றால் பொத்தான், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் அதன் பெயரை அடித்து, பின்னால் ஒரு கோடும் ஓர் எழுத்தும் சேர்க்க வேண்டும். எந்த எழுத்தைச் சேர்க்கிறோமோ அதன்படி அது வேலை செய்யும். சர்வரின் ரகசியப் பூட்டைப் புதிய சாவி, பழைய சாவி என்று பல சாவிகளால் திறக்கப் பார்க்கும். பழைய சாவிக்கும் திறந்துகொண்டால் ஆபத்து. அப்படிப்பட்ட எழுத்துகள் மொத்தம் நாற்பத்தொன்று. அத்தனைக்கும் தமிழில் விளக்கம் எழுதி, சிறு புத்தகமாகவே அச்சிட்டிருந்தார்கள்.

"பென்னாகரத்துல ஒரு கண் ஆஸ்பத்திரி. அதை நான்தான் சோதிச்சேன். எல்லாம் பத்திரம்னு ரிப்போர்ட் குடுத்தேன். போன மாசம் சேலத்துல இருந்து வேற ஆளுங்க வந்து பாத்தாங்க. பழைய சாவிக்குக் கதவு பப்பரப்பான்னு திறந்துக்கிச்சாம். எங்கக்கா வூட்டுக்காரரு அந்த ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் ரூம்லதான் இருக்காரு. அவருக்காக நான் மறைச்சிட்டேன்றாங்க."

"மறைத்ததற்கு ஆதாரம்?" என்று கேட்டாள் மலர்விழி.

"நான் மைனஸ் எக்ஸ் போட்டிருந்தேங்க. அது பழைய சாவிகளைப் பாக்காம தாண்டிப் போயிடுமாம். வேணும்னே போட்டேன்றாங்க. எனக்கு பெங்களூர்ல ஒரு வேலை கிடைச்சிருக்குது. என்னைப் பத்தி ரஞ்சித்குமார் சார் ரெண்டு வார்த்தை எழுதிக் குடுத்தாத்தான் சேத்துக்குவாங்க. வெள்ளிக்கிழமை கடைசி நாளுங்க."

அவள் பையிலிருந்து எடுத்த புத்தகத்தைப் பார்த்ததும் அமல்தாஸின் முகம் மலர்ந்தது. "இது எங்க அச்சகத்துல அடிச்சதாச்சே! புரூஃப் பாத்தது அடியேன்தான். இருபத்தெட்டு பக்கம். ஒரு பிழை காட்டுங்க பாப்போம்!" பக்கங்களைப் புரட்டி, பதினேழாம் பக்கத்தில் விரலை வைத்து உரக்கப் படித்தார். "மைனஸ் எக்ஸ்: பழைய சாவிகளை விட்டுப் பார்க்கும். தெளிவா இருக்குதேம்மா?"

"தெளிவாத்தாங்க இருக்குது. அதுபடிதான் நான் பண்ணுனேன்" என்றாள் கலைமதி.

அமல்தாஸ் மலர்விழியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். குற்றவாளி தன் வாயாலேயே ஒப்புக்கொண்டாயிற்று என்று அதற்குப் பொருள். மலர்விழி அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"நீ வேலைக்குச் சேர்ந்தபோது இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?"

"யாருமில்லீங்க. குரு சார் வூட்ல பிரசவம்னு அவரு ஒரு மாசம் லீவு. புக்கைப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன்."

"சோதனைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாலு நிமிசங்க."

மலர்விழி அதைக் குறித்துக்கொண்டாள். கலைமதி போன பிறகு, விவரம் கேட்டு குருவுக்குப் போன் செய்ய உள்ளறைக்குப் போனாள். டீ குடிக்கக் கீழே இறங்கிய அமல்தாஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. புத்தகம் அச்சான காலத்தில் ரஞ்சித்குமார் அவருக்குப் பழக்கம். அவரைப் போனில் கூப்பிட்டுப் பேசிவிட்டார். "தம்பி, அந்தப் பொண்ணு புக்கைக் காரணம் காட்டுது. புக்குல எந்தத் தப்பும் இல்ல. அதுக்கு நான் பொறுப்பு." பேசி முடித்ததும் பாதி வழக்கைத் தானே முடித்துவிட்ட திருப்தி. அந்த டீ அவருக்கு ரொம்பவும் இனித்தது.

வியாழக்கிழமை காலை இருவரும் கடத்தூர் போனார்கள். விதைக் கடைக்கு மாடியில் நாலு மேஜை, எட்டு கம்ப்யூட்டர் கொண்ட அலுவலகம். மலர்விழி கேட்டுக்கொண்டபடி ரஞ்சித்குமார், குரு, கலைமதி மூவரும் காத்திருந்தார்கள். கலைமதி மட்டும் கதவோரத்தில், விருந்தாளிக்குப் போடும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், இதுல விசாரிக்க என்ன இருக்குது?" என்று ஆரம்பித்தார் ரஞ்சித்குமார். "பழைய சாவிகளும் பாத்தாச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதியிருக்குது. மைனஸ் எக்ஸ் போட்டுட்டு அப்படி எழுதுனா அது பச்சைப் பொய்தானே?"

"பொய் சொல்கிறவள் தடயத்தை விட்டுவைப்பாளா?" என்றாள் மலர்விழி. "என்ன அடித்தோம் என்பது முழுக்கக் கணினியில் பதிவாகிறது. அதை அழிக்க ஒரு நிமிடம் போதும். இவள் தொடவே இல்லை. அது முதல் விஷயம். இரண்டாவது, அந்தப் பதிவை குரு நேற்று எனக்கு அனுப்பினார். கண் மருத்துவமனைக்கு மட்டுமா மைனஸ் எக்ஸ் போட்டிருக்கிறாள்? சேர்ந்த நாளிலிருந்து பதினேழு சர்வர்களுக்கும் போட்டிருக்கிறாள். மற்ற பதினாறு இடத்தில் அவளுக்கு அக்காவும் இல்லை, அக்கா கணவரும் இல்லை."

ரஞ்சித்குமார் திரும்பிப் பார்க்க, குரு ஆமாம் என்று தலையசைத்தார்.

"மூன்றாவது, நேரம். குரு, முழுச் சோதனைக்கு எவ்வளவு ஆகும்?"

"பழைய சாவியெல்லாம் சேத்தா இருபத்தஞ்சு நிமிசம் புடிக்குங்க. அவசரத்துக்குத்தான் மைனஸ் எக்ஸ் வெச்சேன்."

"நாலு நிமிடம்தான் ஆகும் என்று கலைமதி என்னிடம் கூசாமல் சொன்னாள். குறுக்கு வழியில் போகிறவளுக்கு நேர்வழியின் தூரம் தெரிந்திருக்கும். இவளுக்குத் தெரியாது. இவள் அதில் ஒருநாளும் போனதே இல்லை. நேர்வழி என்று நம்பித்தான் இந்த வழியில் போயிருக்கிறாள். குரு, உங்கள் வாயால் கேட்டுக் கற்ற யாரும் மைனஸ் எக்ஸைத் தவறாகப் போடவில்லை. புத்தகத்தை மட்டும் படித்துக் கற்ற ஒரே ஆள் போட்டிருக்கிறாள்."

"ஆனா புக்கு தெளிவா இருக்குதே!" என்றார் அமல்தாஸ்.

மலர்விழி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று பிற்பாடு அவருக்குத் தோன்றியது.

"கலைமதி, பதினேழாம் பக்கத்தைப் படித்துவிட்டு, உன் பேச்சில் சொல். மைனஸ் எக்ஸ் என்ன செய்யும்?"

கலைமதி புத்தகத்தை வாங்கவில்லை. அந்த வரி அவளுக்கு மனப்பாடம். "பழைய சாவிகளை விட்டுப் பாக்குமுங்க. பூட்டுல ஒவ்வொரு சாவியா உள்ள விட்டுப் பாக்கும். திறக்குதா இல்லையான்னு."

குரு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கொத்துச் சாவியைக் கையில் கொடுத்து, ஒவ்வொன்றாக விட்டுப் பார் என்றால் நாம் எல்லோரும் என்ன செய்வோம்?" என்றாள் மலர்விழி. "துவாரத்துக்குள் விடுவோம். 'ஒதுக்கிவிட்டு' என்றும் அந்த 'விட்டு'வுக்கு அர்த்தம் உண்டு. அர்த்தம் தெரிந்தவருக்கு அது தெளிவு. தெரியாதவருக்கு எதிர் அர்த்தம் அதைவிடத் தெளிவு. அதனால்தான் இரண்டு தரப்பும் ஒரே வரியைக் காட்டி, புத்தகம் தெளிவாக இருக்கிறது என்றீர்கள்."

குரு தலையில் கை வைத்தார். "ஐயோ, நான் விட்டுன்னு எழுதலீங்களே!" அவசரமாகத் தன் கம்ப்யூட்டரில் பழைய கோப்பைத் திறந்து படித்தார். "பழைய சாவிகளைத் தவிர்த்துப் பார்க்கும். இதுதாங்க நான் அச்சகத்துக்கு அனுப்புனது."

குருவின் கோப்புக்கும் புத்தகத்துக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு ஆள். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பத் தேவையும் இல்லை. அமல்தாஸுக்கே நினைவு வந்துவிட்டது. ஒரு மத்தியான நேரம், சாப்பாடு முடிந்த மயக்கம், இருபத்தெட்டு பக்கம். 'தவிர்த்து' என்பது பண்டிதத் தமிழ், படிக்கிற பிள்ளைகளுக்கு எளிமையாக இருக்கட்டும் என்று அந்தச் சொல்லை அடித்து, ஓரத்தில் அழகான கையெழுத்தில் 'விட்டு' என்று எழுதினார். பிழை திருத்துகிறவர் பிழையில்லாத இடத்தில் கை வைத்தார்.

"நான்தான்" என்றார். "நான்தான் மாத்துனேன்."

மலர்விழி ரஞ்சித்குமாரிடம் திரும்பினாள். "பெங்களூருக்கு இன்றைக்கே எழுதிவிடுங்கள். நாளை வரை நேரம் இருக்கிறது."

ரஞ்சித்குமார் மேஜையைப் பார்த்தபடி பேசினார். "இல்லீங்க மேடம். அவங்க செவ்வாய்க்கிழமை காலைலயே போன்ல கேட்டாங்க. நானும் முதல்ல தயங்குனேன். பொண்ணு சின்னப் பொண்ணு, புக்குல ஏதாச்சும் குழப்பம் இருக்குமோன்னு. அப்பத்தான் ஐயா போன் பண்ணி, புக்குல தப்பே இல்ல, நான் பொறுப்புன்னாரு. அதை நம்பி, வேண்டாம்னு சொல்லிட்டேன். நேத்தே வேற ஆளைப் போட்டுட்டாங்களாம்."

மலர்விழிக்கு அந்தப் போன் பற்றி அப்போதுதான் தெரிந்தது. அவள் புத்தகத்தை மூடி வைத்தாள்.

அமல்தாஸ் மூடிக் கிடந்த புத்தகத்தையே பார்த்தார். ஒரு வார்த்தையில் ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்தது தெரியாமல் செய்த பிழை. அதை மன்னிக்கலாம். டீக்கடையில் நின்று அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டது அவருடைய வாய்க்கொழுப்பு. அதற்கு யார்மேல் பழி போட முடியும்?

"கலை, நீ திங்கக்கிழமை வந்துரு. பழைய இடத்துலயே உக்காரு" என்றார் ரஞ்சித்குமார்.

"வேண்டாங்க சார். நாளைக்கு இன்னொண்ணு தப்பாப் போனாலும் மொதல்ல என் மூஞ்சியத்தான் பாப்பீங்க" என்று சொல்லிவிட்டு அவள் பையை மாட்டிக்கொண்டாள்.

அமல்தாஸ் படிக்கட்டில் தடுமாறி இறங்கி, தெருவில் அவளைப் பிடித்தார். "அம்மா, உனக்கு நான் என்ன செய்யணும்னு சொல்லு. எதுனாலும் செய்றேன்."

அவள் நின்று திரும்பினாள். "எனக்கு ஒண்ணும் வேண்டாங்க. எங்கப்பா பத்து நாளா எங்கூடப் பேசறதில்ல. நான் சொன்னா நம்ப மாட்டேன்றாரு. படிச்சவங்க பொய் சொல்லுவாங்களா, நீதான் என்னமோ பண்ணியிருப்பேன்றாரு. நீங்க வந்து சொல்றீங்களா?"

தர்மபுரி வந்து, பென்னாகரம் பஸ் மாறி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. போய்ச் சேர்ந்தபோது அவள் அப்பா மாது வாசலில் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையோடு வந்த பெரியவரைக் கண்டதும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மகளைப் பார்க்கவில்லை.

"வாங்க. கம்பெனிக்காரங்களா?"

"இல்லீங்க" என்றார் அமல்தாஸ். வழியெல்லாம் பல விதமாகச் சொல்லிப் பார்த்து, திருத்தித் திருத்தி வைத்திருந்த வாக்கியம் எதுவும் இப்போது வாயில் வரவில்லை. "உங்க பொண்ணு தப்பு பண்ணலீங்க. தப்பு பண்ணுனவன் நான்தான்."

மாது மெதுவாக மகள் பக்கம் திரும்பினார். "இதைத்தானே நீ பத்து நாளாச் சொல்லிக்கிட்டிருந்தே?"

"ஆமாப்பா" என்று சொன்ன கலைமதி, அவரைத் தாண்டி வீட்டுக்குள் போய்விட்டாள். இரண்டு பெரியவர்களும் வாசலிலேயே நின்றார்கள்.