பூட்டிய அறையில் புழுக்களைக் காணோம்

காலை ஏழு மணிக்கு முதலாளியம்மா பூட்டில் சாவியை நுழைத்தபோதே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. உள்ளே சத்தம் இல்லை.

லட்சக்கணக்கான புழுக்கள் ஒரே நேரத்தில் அழுகிய காய்கறியைத் தின்றால் தூறல் மழை மாதிரி ஒரு சத்தம் வரும். இரவும் பகலும் ஓயாது. அன்று கதவைத் திறந்தால் விளக்கு எரிகிறது, அடுக்குகளில் தட்டுகள் வைத்தது வைத்தபடி இருக்கின்றன, தீனியும் இருக்கிறது. புழு மட்டும் இல்லை.

எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பாத பெண்மணி. கூட வந்த காவலருக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

"புழுவைத் திருடிட்டாங்கன்னா புகாரு?"

"சிரிங்க சார்," என்றார் முதலாளியம்மா. "சந்தைக் குப்பையைத் தின்னு வளர்ற புழு. காய வச்சு அரைச்சா மீனுக்குத் தீவனம், மிச்சம் வயலுக்கு உரம். புழுன்னாலே எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுனாங்க. பேங்குலயும் ஆபீஸ்லயும் ஏறி இறங்கியே செருப்பு தேஞ்சுது. ஒரே ஒரு தீவனக் கம்பெனி வாங்குறேன்னுச்சு. மத்தியானம் அவங்க ஆளு சோதனைக்குப் புழு எடுக்க வர்றாரு. தட்டு காலியா இருந்தா என் தொழிலும் காலி."

காவலரின் சிரிப்பு நின்றது.

"சாவி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒண்ணுதான். என்கிட்ட."

"பூட்டினது?"

"நேத்து சாயங்காலம், நானே. அண்ணனும் நெட்டையும் உள்ள வேலையை முடிச்சுட்டு வெளிய வந்தாங்க. பூட்டினேன்."

முதலாளியம்மாவின் அண்ணன் வாசற்படியில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சந்தைக் குப்பையை வேனில் அள்ளி வருவது அவர். அதைத் தட்டில் கொட்டுவது, பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற நெட்டை.

"யார் மேல சந்தேகம்?"

"மீன்தூள் வியாபாரி மேலதான். நேத்து நான் பூட்டின பிறகு இந்த நடைவழியில நின்னு கத்தினான். 'உன் புழு என் பொழப்புல மண்ணைப் போடுது, எப்படி நடத்துறேன்னு பாக்கறேன்'னு."

இன்ஸ்பெக்டர் உள்ளே போனார். தரை ஈரம். ஒரு தட்டின் உட்சுவரைத் தடவினார். அதுவும் ஈரம். தலைக்கு மேலே பொடித் துளைகள் போட்ட தண்ணீர்க் குழாய் ஓடியது. அதைத் திறக்கும் திருகு வெளியே, நடைவழியில் இருந்தது.

"ராத்திரி தண்ணி ஓடியிருக்கு," என்றார்.

முதலாளியம்மாவின் முகம் வெளுத்தது. "ஐயையோ! தட்டு ஓரத்தைத் துடைச்சுத் தவிடு தூவிட்டுத்தான் தினமும் பூட்டுவோம். காஞ்ச சுவருல புழு ஏறாது. நனைஞ்சுதுன்னா ஒட்டிக்கிட்டு ஏறிடும்."

"அப்போ யாரும் தூக்கிட்டுப் போகலை. தானாவே நடந்து போயிருக்கு."

இன்ஸ்பெக்டர் தரைப்பக்கம் குனிந்தார். அப்போதுதான் அது கேட்டது. மூடிய அறைக்குள், வெயில் காயும் காலையில், தூறல் சத்தம். காலுக்கடியிலிருந்து வந்தது. காவலர் ஒரு காலைத் தூக்கி, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

அறைக் கோடியில் வடிகால் ஓட்டை இருந்தது. அதை மூடும் வலை கழற்றப்பட்டுச் சுவரோரம் சாய்ந்திருந்தது. வெளிச்சத்துக்குப் பயந்த புழுக்கள் இருட்டைத் தேடி அந்த வழியாக இறங்கியிருந்தன. டார்ச் அடித்ததும் கறுப்புத் தண்ணீர் பின்வாங்கியது. அது தண்ணீரில்லை என்று புரிந்ததும் இன்ஸ்பெக்டருக்கே உடம்பு சிலிர்த்தது.

"வியாபாரியைத் தூக்கிட்டு வரட்டுங்களா?" என்றார் காவலர். "வெளிய நின்னே திருகைத் திறந்திருப்பான்."

"வலையை வெளிய நின்னு கழட்ட முடியுமா? பொறுங்க."

மூலையில் ஒரே ஒரு தட்டு பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடப்பட்டிருந்தது. அதற்குள் புழுக்கள் நெளிந்தன.

"இது?"

"தாய்த்தட்டு. இந்தப் புழுவை ஈயா வளர விட்டு முட்டை எடுப்போம். என் வீட்டுக் காய்த்தோலை மட்டும்தான் போடுவேன்."

"தினமும் மூடுவீங்களா?"

"இல்லையே..."

இன்ஸ்பெக்டர் காலித் தட்டில் செத்துக் கிடந்த புழு ஒன்றைக் கைக்குட்டையில் வைத்து நசுக்கினார். கறை கருநீலமாகப் பரவியது. தாய்த்தட்டுப் புழுவை நசுக்கினார். வெறும் பழுப்பு. கைக்குட்டையை அண்ணனிடம் நீட்டினார்.

"எதிரி நாசம் பண்ண வந்தா முதல்ல தாய்த்தட்டைத்தான் கவுத்துவான். இதைச் செஞ்சவரு அதை மட்டும் பத்திரமா மூடியிருக்காரு. மத்ததெல்லாம் போகணும், நாளைக்குத் தொழில் மறுபடி நடக்கணும்னு நினைச்சிருக்காரு. மத்த தட்டுல என்ன விஷம் இருக்குன்னு யாருக்குத் தெரியும்? நெட்டைக்குத் தெரியாது, வந்ததைக் கொட்டினவரு. கொண்டு வந்தவருக்குத் தெரியும். சாயப்பட்டறைச் சேறு. சரிதானே?"

அண்ணன் அப்படியே குந்திவிட்டார்.

"குப்பைக்கு மவுசு வந்ததும் சந்தைக்காரனுங்க விலை கேட்டானுங்க, பாப்பா. பாதி வேன்கூட ரொம்பல. சாயச் சேறு சும்மா கிடைச்சுது, கலந்துட்டேன். அதுல இருக்கற உலோகம் புழு உடம்புலயே தங்கும்னு பிறகுதான் தெரிஞ்சுது. இன்னைக்கு சோதனையில மாட்டினா உன் பேரு நாறிடும். திருட்டுன்னா பாவப்பட்டு இன்னொரு வாய்ப்பு தருவாங்கன்னு..."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா."

"சொன்னா நீயே மூடியிருப்ப."

"ஆமா. மூடியிருப்பேன்," என்றார் முதலாளியம்மா. பெற்ற பிள்ளையைவிட மேலாகப் பார்த்த தொழில். அதற்கு விஷம் வைத்தது கூடப்பிறந்தவன். அழக்கூடத் தோன்றவில்லை.

இன்ஸ்பெக்டர் வடிகாலைப் பார்த்தபடியே கேட்டார். "இது எங்க போய்த் திறக்குது?"

அண்ணன் எழுந்து வடிகாலை எட்டிப் பார்த்தார். சோதனையிலிருந்து தப்புவதை மட்டுமே யோசித்தவர், இதை யோசிக்கவே இல்லை.

"எங்க வீட்டுக் கொல்லை வாய்க்காலுக்கு," என்றார் மெதுவாக.

உடனே வீட்டுக்கு போன் போட்டார். எடுத்த அவர் மனைவி சந்தோஷமாகப் பேசினாள். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"நானே கூப்பிடலாம்னு இருந்தேன்ங்க. நம்ம கோழிங்க இன்னைக்குத் தீனியையே தொடலை. விடிஞ்சதுலேர்ந்து வாய்க்கா ஓரமாவே நின்னு கொத்திக்கிட்டு இருக்கு. புள்ளைங்களும் அங்கதான் இருக்குதுங்க, கை நிறைய அள்ளி அள்ளிப் போடுதுங்க."