கண்ணாடிக்கு அடியில் பெருகியது

விரதம் தொடங்கிய நாளில் பார்த்தபோது அந்த ஸ்லைடின் ஓரத்தில் ஆந்தைக் கண் செல் ஒன்றுதான் இருந்தது. இப்போது அதன் பக்கத்திலேயே இன்னொன்று இருந்தது.

தாமரைச்செல்வி மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினாள். ஃபார்மலினில் ஊறி, மெழுகில் புதைந்து, சாயமேறி, கண்ணாடிக்கு அடியில் ஒட்டப்பட்ட சதை அது. செத்த சதை வளருமா? தமிழ்நாட்டில் நோய்க்குறியியல் படித்துவிட்டு இந்தத் தீவுக்கு வந்தவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன? தைப்பூசக் காவடி விடுமுறை. மோகா ஊருக்குப் பக்கத்து அந்த ஆஸ்பத்திரி லேபில் ஈ காக்கை இல்லை. புயலுக்கு முந்தைய புழுக்கத்தில் ஜன்னல் கண்ணாடிகள் வியர்த்து வழிந்தன, பழைய ஃபிரிட்ஜ் உறுமி உறுமி அடங்கியது, ஃபார்மலின் நெடிக்கு நடுவே பச்சை இரத்த வாடை மெல்லக் கிளம்பியது.

சதை அவள் கணவன் தனராஜுடையது. கழுத்தில் வீங்கிய நிணநீர்க்கணுக்களில் ஒன்றை வெட்டி அனுப்பியிருந்தார்கள். புற்றுதான் என்று அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஒரே செல்லில் இரண்டு உட்கரு, ஒவ்வொன்றின் நடுவிலும் கருமணி, ஆந்தையின் இரு கண்கள்போல. மாமியார் காமாட்சியிடம்தான் முதலில் சொன்னாள். காப்புக் கட்டினவனிடம் கெட்ட சேதி சொல்லக் கூடாது, காவடி இறங்கட்டும் என்று மாமியார் வாயை அடைத்துவிட்டாள். அவன் மெலிந்ததை விரதம் என்றார்கள். இரவெல்லாம் வேர்த்ததை முருகன் அருள் என்றார்கள். அன்றைக்கே மருந்தைத் தொடங்கியிருக்கலாம். எல்லாம் தெரிந்தவள், அவளும் தலையாட்டிவிட்டாள்.

மறுபடி குனிந்தாள்.

இரண்டு இல்லை. கொத்துக் கொத்தாக. ஸ்லைடை நகர்த்தினாள். விளிம்புவரை அவைதான். நல்ல செல் ஒன்றுகூட இல்லை. ஃபோகஸைத் திருப்பினாள்.

கருமணிகள் அசைந்தன. எல்லாம் ஒருசேர. கதவுப் பக்கமாக.

கதவு திறந்தது.

வெறுங்காலோடு தனராஜ். அலகு குத்திய கன்னத்தில் திருநீறு.

"ஃபினி, செல்வி. கரேம் ஃபினி." விரதம் முடிந்ததைத் தீவு மொழியில் சொல்லி நிம்மதியாகச் சிரித்தான். "இப்ப சொல்லு, டெஸ்ட்ல என்ன வந்துச்சு?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காருங்க. கழுத்தைக் காட்டுங்க."

"வலி இல்ல. ஆனா லி பூஸே, வளருது செல்வி. அசையுது."

மாலையை விலக்கினான். தாடைக்கு அடியில் புதுக் கட்டி. விரல் வைத்தாள்.

மூடிய இமைக்குள் விழி உருள்வதுபோல் ஏதோ புரண்டது. அவள் பக்கமாக.

கையை எடுக்க நினைத்தாள். முடியவில்லை.

தோல் மெல்லப் பிளந்தது. ஈரமான இமைமுடிகள் அவள் விரல்நுனியை உரசின.