உள்ளே: ஒருவர்

ரைஹான் சுரங்க வாசலில் பேருந்தை விட்டு இறங்கியபோது காலை பதினொரு மணி. குளிர் மைனஸ் இருபத்தெட்டு. பத்து அடி நடப்பதற்குள் கண் இமை ஒட்டிக்கொண்டது. அரை நாள் வேலைதான், மூன்றரை மணிப் பேருந்தைப் பிடித்துக் கராகந்தி நகருக்குத் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் அலுவலகத்தில் அனுப்பியிருந்தார்கள். அதற்கு மேல் அவளால் இருக்கவும் முடியாது. மாலை ஆறு மணிக்கு மகள் ஜிபெக்கின் பாலர் பள்ளியைப் பூட்டிவிடுவார்கள். போய்க் கூட்டிவர அவளை விட்டால் வேறு நாதி கிடையாது.

ஷிஃப்ட் மேலாளர் தொக்தார் வாசலிலேயே நின்றிருந்தார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல்.

"நீதான் கம்ப்யூட்டர்காரியா? ஆம்பளையா ஒருத்தனை அனுப்பச் சொல்லியிருந்தேனே."

"ஆம்பளை பண்ணி வச்ச கோளாறைப் பார்க்கத்தாண்ணே என்னை அனுப்பியிருக்காங்க."

தொக்தார் வயிறு குலுங்கச் சிரித்தார். "வாய் இருக்கு. வேலையும் இருக்கான்னு பார்ப்போம். அந்த ஒண்ணை மட்டும் பூஜ்யமாக்கிக் குடு, பெரிய விருந்தாளிக்கு வைக்கிற மாதிரி ஒரு ஆட்டுத் தலையை அவிச்சு உன் முன்னாடி வைக்கிறேன்."

அந்த ஒன்றுதான் பிரச்சினை. கீழே இறங்குகிற ஒவ்வொருவரும் விளக்கறையில் தன் அட்டையைக் காட்டி, தன் எண் போட்ட தலைவிளக்கை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஏறி வந்ததும் விளக்கை மாட்டிவிட்டு அட்டையைக் காட்ட வேண்டும். கடைசி ஆளும் ஏறி வந்தபின் திரையில் 'உள்ளே: 0' என்று வர வேண்டும். நான்கு வருடமாக வந்ததில்லை. 'உள்ளே: 1' என்றே நின்றது. தொக்தார் காகிதத்தில் பூஜ்யம் போட்டுக் கையெழுத்திட்டுக் காலத்தை ஓட்டினார். புதிதாக வந்த ஆய்வாளர் அதற்கு மசியவில்லை. திரை பூஜ்யம் காட்டாமல் ஒருவனும் இறங்கக் கூடாது என்றுவிட்டார்.

விளக்கறை நீளமான, ஜன்னல் இல்லாத கூடம். இந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு இரும்புச் சுழல்கதவு. அந்தப் பக்கம் சுரங்கத்துக்குப் போகும் இருண்ட நடைபாதை. நடுவே வரிசை வரிசையாகக் கொக்கிகள், அவற்றில் தொங்கும் விளக்குகள். ரப்பர் நாற்றமும் மின்கல அமில நாற்றமும் கலந்து வீசின. அவற்றுக்கு அடியில் வேறொரு வாடை, ஈரக் கரியின் வாடை.

விளக்கறையைப் பார்த்துக்கொள்ளும் ஷோல்பானுக்கு ஐம்பது வயதிருக்கும். மகளைப் பற்றியும் அவள் பாலர் பள்ளியைப் பற்றியும் விசாரித்தபடி பால் விட்ட தேநீரை ரைஹானின் கையில் திணித்துவிட்டு, மூலையிலிருந்த சர்வர் பெட்டியைத் தன் முக்காட்டு முனையால் துடைத்தாள், குழந்தையின் முகத்தைத் துடைப்பது போல.

"வெள்ளிக்கிழமையாச்சேக்கா, ஷெல்பெக் சுடலையா?" என்று ரைஹான் பேச்சுக்குக் கேட்டாள். வெள்ளிக்கிழமை வந்தால் எந்த வீட்டிலும் எண்ணெய் காய்ச்சி ஏழு அப்பம் சுடுவார்கள்.

"எண்ணெய் வாசம் செத்தவங்களுக்குக் காட்டுறது கண்ணு. எங்க வீட்ல யாரும் சாகலை."

ரைஹான் மடிக்கணினியை சர்வரில் இணைத்தாள். நிரலை எழுதியவன் வித்தாலி என்றொருவன். வேலையை விட்டு ஓடிப்போய் மூன்று வருடமாகிறது. பைத்தான் மொழியில் எழுதியிருந்தான். தரவுத்தள அட்டவணையோடு நேரடியாக மல்லுக்கட்டப் பொறுமை இல்லாதவர்கள் வைத்துக்கொள்ளும் ஆயத்த நிரல் நூலகம் ஒன்று உண்டு. அது அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் ஓர் ஆளாக மாற்றிக் கையில் கொடுக்கும். பெயர், விளக்கு எண், இறங்கிய நேரம், ஏறிய நேரம், எல்லாம் அந்த ஆளிடமே இருக்கும். அவனிடம் என்ன மாற்றினாலும் அது முதலில் அமர்வு என்கிற ஒரு தற்காலிக இடத்துக்குள்தான் நிற்கும். 'கமிட்' என்று உறுதி சொன்னால்தான் அட்டவணையில் ஏறும். அதுவரை அமர்வுக்கு உள்ளே இருந்து பார்த்தால் எல்லாம் நடந்து முடிந்த மாதிரியே தெரியும். வெளியே இருந்து பார்த்தால் ஒரு துரும்பும் அசைந்திருக்காது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் முதல் நாளே சொல்வது இதைத்தான். கமிட் பண்ணாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

இரண்டரை மணி நேரம் தோண்டியபின் கோளாறு பிடிபட்டது. ஓர் அமர்வு மூடப்படாமல் திறந்தே கிடந்தது. நான்கு வருடம் ஒரு மாதமாக. மின்சாரம் போன நாட்களில்கூட மின்கலத்தில் அதை யாரோ உயிரோடு வைத்திருந்திருக்கிறார்கள்.

"வித்தாலி, உன்னை எல்லாம்..." என்று முணுமுணுத்தாள். "கமிட் பண்ணாம எந்திரிச்சுப் போயிருக்கான் அறிவுகெட்டவன்."

பிறகு அவளே ஒரு மடத்தனம் செய்தாள். ஓடுகிற நிரலில் கை வைக்காதே என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள்தான். ஆனால் மணி இரண்டாகியிருந்தது, பேருந்து மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்று பார்க்க, அந்தத் திறந்த அமர்வுக்குள்ளேயே நுழைந்து, தன் விருந்தினர் அட்டையைச் சுரங்கப் பக்கம் காட்டி, ஒரு விளக்கையும் எடுத்தாள்.

'உள்ளே: 2.'

"அக்கா, நீங்க கதவுக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க. நான் இப்ப வெளிய வர்றேன், சிவப்பா பச்சையான்னு பார்த்துச் சொல்லுங்க."

ஷோல்பான் வெளியே போனாள். அங்கே அடுத்த ஷிஃப்டின் நாற்பது பேர் இறங்க வழியில்லாமல் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். ரைஹான் விளக்கை மாட்டிவிட்டு அட்டையைக் காட்டினாள்.

சிவப்பு.

கதவுக்கு மேலிருந்த சிறு திரையில் எழுத்து ஓடியது. 'ஜோடி வரவில்லை. காத்திருக்கவும்.'

நாற்பது பேரும் சிரித்தார்கள். "கம்ப்யூட்டர்காரிக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சுடா!" என்று ஒருவன் கத்தினான்.

தொக்தாரும் சிரித்துக்கொண்டே வந்தார். "இங்க யாரும் தனியா இறங்குறதில்லை பொண்ணே. உள்ள துணையில்லாம யார் இருக்கானோ அவனோட புதுசா போறவனை மிஷினே கோத்து விட்டுரும். ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஏறணும். ஒருத்தன் வராமப் போனா அவன் பிள்ளைங்களை மத்தவன் வளர்க்கணும். ஜோடியோட பிள்ளை நம்ம பிள்ளை, அதுதான் இங்க வழக்கம். சரி, உனக்கு யாரைக் கோத்திருக்கு?"

அவள் திரையைப் பார்த்துப் படித்தாள். "விளக்கு எண் முந்நூத்திப் பதினேழு."

சிரிப்பு நின்றது.

ஒருவர் தொப்பியைக் கழற்றினார். அதைப் பார்த்து இன்னொருவர். ஷோல்பான் கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பேரு," என்றாள் மெல்ல. "பேரு என்னன்னு போட்டிருக்கு கண்ணு?"

ரைஹான் அந்த ஆளை விரித்துப் பார்த்தாள். அட்டவணையில் அவனுக்கு வரியே இல்லை. அமர்வில் மட்டும் இருந்தான், அவள் நுழைந்த அதே அமர்வில். எர்கின். இறங்கிய நேரம் காலை பத்து ஐம்பத்திரண்டு.

"பத்து ஐம்பத்திமூணுக்குத்தான் இந்த நடைபாதையைத் தாண்டுனதும் வர்ற பாதையில கூரை விழுந்துச்சு," என்றாள் ஷோல்பான். "என் வீட்டுக்காரர் கண்ணு. அவர் அட்டை காட்டுன சமயத்துல மிஷின் நின்னுபோச்சு. பதிவே இல்லை, அதனால அவர் இறங்கவே இல்லைன்னுட்டாங்க. ஓம்ஸ்க் பட்டணத்துல எவளோடவோ இருக்காருன்னு எழுதி, தேடாமலே அந்தப் பாதையைச் சுவர் வச்சு அடைச்சுட்டாங்க. நான் இந்த வேலைக்கு வந்ததே அந்த ஒண்ணுக்காகத்தான். அதை அழிச்சிராத."

தொக்தார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் போட்ட கையெழுத்துகளில் அந்த அறிக்கையின் கீழ் போட்டதும் ஒன்று.

"அண்ணே, கதவைத் திறங்க."

"இதுக்குச் சாவி கிடையாதும்மா. அறுக்கத்தான் ஆள் வரணும். அவங்க வர ராத்திரி ஆயிரும்."

மணி இரண்டு ஐம்பது. பாலர் பள்ளி வாசலில், பனியில், கையுறையைக் கடித்துக்கொண்டு நிற்கும் ஜிபெக் கண்ணில் வந்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

நடைபாதையில் யாரோ நடந்து வந்தார்கள்.

கனமான ரப்பர் பூட்ஸ். ஈரத் தரையில் ஒரு காலை இழுத்து இழுத்து வைக்கும் நடை. கீழே ஒருவரும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"யாரு?"

நடை நின்றது. ஈரக் கரியின் வாடை நெஞ்சை அடைத்தது. இருட்டில் யாரோ மூச்சு விட்டார்கள், நெடுநாள் தூசியைத் தின்றவனின் மூச்சு.

பிறகு மறுபடி நடை. கிட்டத்தில்.

அவள் மடிக்கணினி முன் விழுந்தாள். எல்லாவற்றையும் கமிட் செய்தால் இருவருமே உள்ளே என்று பதிவாகிவிடும், ஜோடி வராமல் கதவு திறக்காது. ஒரே வழிதான் இருந்தது. அவனை மட்டும் அமர்விலிருந்து வெளியே எடுத்துவிடும் கட்டளை. அட்டவணையில் வரி இல்லாதவன் அமர்வையும் இழந்தால் அப்புறம் அவன் எங்குமே இல்லை. செய்யக் கூடாது என்று தெரிந்தேதான் செய்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவளை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"வேணாம் கண்ணு, வேணாம்!"

தட்டினாள்.

நடை அடங்கியது. அடுத்து, தன் ஏறிய நேரத்தைத் தானே நிரப்பி அனுப்பினாள்.

'உள்ளே: 0.'

சுழல்கதவு பச்சை காட்டியது. மடிக்கணினியைக்கூட எடுக்கவில்லை, பையை மட்டும் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். ஓடும்போது ஓரக்கண்ணில் பட்டது. இத்தனை நேரம் காலியாக இருந்த 317 கொக்கியில் ஒரு விளக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

கதவு கிறீச்சிட்டுச் சுழன்றது. வெளியே காத்திருந்த ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் அவளுக்குப் பின்னால் எங்கோ இருந்தது. அவள் பேருந்து நிற்குமிடம் வரை ஓடினாள்.

பேருந்து தயாராக நின்றது. ஏறி, ஜன்னலோர இருக்கையில் விழுந்தாள். பயணிகள் அதிகமில்லை. கண்ணாடியெல்லாம் உள்பக்கம் பனி படிந்து வெள்ளையாக இருந்தது. சீட்டுக் கொடுக்கக்கூட யாரும் வரவில்லை. அதெல்லாம் அவளுக்கு நிம்மதியாகவே இருந்தது. கண்ணை மூடினாள்.

விழித்தபோது கைபேசி அடித்துக்கொண்டிருந்தது. மணி ஐந்து. பேருந்து இன்னும் ஊர் சேரவில்லை. வழியில் எங்கும் நின்றதாகவும் நினைவில்லை.

"கண்ணு!" ஷோல்பானின் குரல். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "வந்துட்டார் கண்ணு! என் மனுஷன் வந்துட்டார்! கதவு சுத்துச்சு, அவர் வெளிய வந்தார். நாற்பது பேரும் பார்த்தாங்க. என் பக்கத்துலதான் உட்கார்ந்து டீ குடிக்கிறார். உனக்கு எப்படி நன்றி சொல்லுவேன்!"

ரைஹான் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நீ எங்க கண்ணு இருக்க?"

"நான்... நான் பஸ்ல இருக்கேன்க்கா. உங்க கண்ணு முன்னாலதானே ஓடி வந்தேன்."

மறுமுனையில் ஷோல்பான் எழுந்து திரைப் பக்கம் போகும் காலடிச் சத்தம் கேட்டது.

"கதவு ஒரு தடவைதான் சுத்துச்சு கண்ணு. திரையில மறுபடியும் ஒண்ணுன்னுதான் இருக்கு. இந்தத் தடவை பேரும் தெரியுது. உன் பேரு."

ரைஹான் வாயைத் திறந்தாள். பூஜ்யத்தைத் தன் கண்ணால் பார்த்ததைச் சொல்ல நினைத்தாள். எங்கிருந்து பார்த்தோம் என்று அப்போதுதான் உறைத்தது. அமர்வுக்கு உள்ளே இருந்து.

கமிட் பண்ணவில்லை.

பண்ணாமலே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

பேருந்தில் இப்போது அவளைத் தவிர யாரும் இல்லை. இஞ்சின் சத்தமும் இல்லை. எங்கோ நீர் சொட்டும் ஓசை மட்டும் சீராகக் கேட்டது. நகத்தால் ஜன்னல் பனியைச் சுரண்டினாள். வெளியே சாலை இல்லை, வயல் இல்லை, வானம் இல்லை. கண்ணாடியோடு ஒட்டி, ஈரமாக மின்னிக்கொண்டு, கரிப்பாறை.

"அக்கா! மடிக்கணினி அங்கதான் இருக்கு. நான் சொல்ற ஒரே ஒரு வார்த்தையை அதுல அடிங்க. என் பொண்ணு காத்துக்கிட்டிருப்பா!"

"அதை அடிச்சா இவர் என்ன ஆவார்?"

ரைஹானுக்கு உண்மையாகவே தெரியவில்லை. தெரியாது என்று சொல்வதற்குள் ஷோல்பான் பேசினாள். மிகவும் கனிவாக, தேநீர் கொடுத்த அதே குரலில்.

"பொண்ணை நினைச்சுக் கவலைப்படாத. இவர் கிளம்பிட்டார், கூட்டிட்டு வர. ஜோடியோட பிள்ளை நம்ம பிள்ளைதானே? நீயும் தைரியமா இரு. உன் பேருக்கு நான் ஒருநாளும் எண்ணெய் காய வைக்க மாட்டேன். அந்தப் பெட்டியையும் யாரையும் அணைக்க விட மாட்டேன் கண்ணு. நாலு வருஷம் இவரைப் பார்த்துக்கலையா?"

தொலைபேசிக்கு அப்பால் ஒரு கதவு திறந்து மூடியது. கனமான பூட்ஸ் ஒரு காலை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டு, பனியில் இறங்கி நடக்கும் சத்தம் கேட்டது.