பதினெட்டாவது "ஆடாதே"

"ஆடாதே!"

அக்கா இப்படிச் சொன்னது அன்று மாலையில் பதினேழாவது முறை. தங்கை எண்ணிக்கொண்டே வந்தாள். எண்ணுவது ஒன்றுதான் அவளால் ஆடாமல் செய்யக்கூடிய வேலை.

அவளுக்கு வயது பத்து. வீட்டில் அவள் பெயர் பம்பரம். சாப்பிடும்போது கால் ஆடும். படிக்கும்போது தலை ஆடும். தூங்கும்போதும் ஏதாவது ஒன்று ஆடும் என்பார் அப்பா.

ஆனால் இன்று மொட்டை மாடியில் எதுவும் ஆடக்கூடாது. நடுவில் முக்காலியின்மேல் நின்ற தொலைநோக்கி, அக்கா படிக்கும் கல்லூரிக்குச் சொந்தமானது. நாளைக் காலை ஒன்பது மணிக்கு அதைத் திருப்பித் தர வேண்டும். அதற்குள் வானில் ஒளிரும் ஒரு வாயு மேகத்தை அக்கா படம் எடுத்தாக வேண்டும். படம் இல்லையென்றால் மதிப்பெண் இல்லை. மேற்கே நிஜமான மேகம் ஒன்று மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"ஒரு படத்துக்கு அஞ்சு நிமிஷமா? என்னை மட்டும் ஒரே நொடியில எடுக்கறியே!"

"உன்மேல வெளிச்சம் நிறைய விழுது. அந்த வாயு மேகம் ரொம்ப மங்கல். அஞ்சு நிமிஷம் வெளிச்சத்தைச் சேர்க்கணும்."

"அதுக்குள்ள நட்சத்திரமெல்லாம் நகர்ந்துடுமே?"

"அதுகூடவே திரும்பத்தான் மோட்டார். அதுவும் கொஞ்சம் தப்பும். அதனால இந்தச் சின்னக் கேமரா ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துட்டே இருக்கும். அது விலகினா, லேப்டாப் மோட்டாருக்குத் 'திரும்பு'ன்னு சொல்லும்."

திரையில் ஒரு சிவப்புக் கோடு ஓடியது. நட்சத்திரம் நடுவில் நின்றால் கோடு நேராக ஓட வேண்டும். அதுவோ ரம்பத்தின் பற்களைப் போல ஏறி இறங்கியது. முதல் படத்தில் நட்சத்திரங்கள் புள்ளிகளாக இல்லை; வெள்ளரி விதைகளாக நீண்டிருந்தன. இரண்டாவது படமும் அப்படியே.

"எல்லாம் உன் கால் பண்ற வேலை. போ, படியில உக்காரு. அசைஞ்சே, கீழே அனுப்பிடுவேன்!"

அந்த வாயு மேகத்தைப் பார்க்கப் பம்பரம் ஒரு வாரமாகக் காத்திருந்தாள். படியில் உட்கார்ந்து, கைகளைத் தொடைகளுக்கு அடியில் செருகிக்கொண்டாள். மூச்சைக்கூட அளந்து விட்டாள்.

கோடு இன்னும் துள்ளியது.

"அக்கா, நான் அசையவே இல்ல."

"தெரியுது," என்றாள் அக்கா. அவள் குரல் சற்று இறங்கியிருந்தது.

அவள் திருகுகளை இறுக்கினாள். தொங்கிய கம்பிகளைக் கட்டினாள். இங்கும் அங்கும் நடந்தாள். பிறகு மடிக்கணினியில் எண்களை மாற்றினாள்.

"அரை நொடிக்கு ஒரு தடவை பார்க்கட்டும். விலகினா நூத்துக்கு நூறு திருத்தட்டும். அப்ப எப்படி ஆடும்னு பார்க்கறேன்!"

கோடு முன்னைவிட மோசமாகக் குதித்தது. மோட்டார் விடாமல் டிக், டிக் என்றது.

படியிலிருந்து திரை நன்றாகத் தெரிந்தது. அதன் மூலையில் அந்த ஒற்றை நட்சத்திரம். பம்பரம் அதையே பார்த்தாள். அது எங்கும் போகவில்லை. நின்ற இடத்திலேயே நடுங்கி, தானாகவே பழைய இடத்துக்கு வரப் பார்த்தது. அதற்குள் டிக்! மோட்டார் திரும்பிவிட்டது. உடனே எதிர்ப்பக்கம் இன்னொரு டிக்!

"அக்கா, அந்த நட்சத்திரம் பாவம்."

"அதுக்கு என்னடி பாவம்?"

"அது நகரல. சும்மா கண் சிமிட்டுது. அதுக்குள்ள லேப்டாப் உன்னை மாதிரியே 'ஆடாதே, ஆடாதே'ன்னு நச்சரிக்குது. நீ பதினேழு தடவை சொன்னே. சொல்லச் சொல்ல என் கால் இன்னும் துறுதுறுன்னுச்சு. நீ என்னைப் பார்க்கறதை விட்டப்புறம்தான் நின்னுச்சு."

அக்கா வானத்தைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். பிறகு, சற்றுத் தயங்கி, தங்கையைப் பார்த்தாள்.

"காத்து நடுங்கறதாலதான் அது சிமிட்டுது. அதைப் போய் இவ்வளவு நேரமா துரத்திட்டு இருந்திருக்கேன்."

நான்கு நொடிக்கு ஒரு முறை பார்த்தால் போதும், நூற்றுக்கு அறுபது திருத்தினால் போதும் என்று எண்களை மாற்றினாள். கோடு இரண்டு முறை துள்ளியது. பிறகு அடங்கி நேராக ஓடத் தொடங்கியது.

"இங்க வா. பக்கத்துல உக்காரு."

"ஆடிட்டேன்னா?"

"பார்த்துக்கலாம்."

ஐந்து நிமிடம் தொடங்கியது. மேற்கு மேகம் தண்ணீர்த் தொட்டியின் தலைக்கு மேலே வந்துவிட்டது. மூன்றாம் நிமிடத்தில் ஏதோ தரையைத் தட்டியது. பம்பரம் பதறிப்போய்த் தன் கால்களைப் பார்த்தாள். அவை சமர்த்தாக இருந்தன. தட்டியது அக்காவின் கால்.

பம்பரம் வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டு மனத்துக்குள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

கால் தானாக நின்றது.

நேரம் முடிந்தது. படம் திறக்கும் முன் அக்கா கணினியைத் தங்கையின் பக்கம் திருப்பினாள்.

"முதல்ல நீ பாரு."

குண்டூசித் தலைகளைப் போல உருண்டையாக நின்றன நட்சத்திரங்கள். அவற்றின் நடுவே, சிறகு விரித்தாற்போல் ஒரு சிவப்பு மேகம்.

பம்பரம் எழுந்து குதித்தாள். மாடியே அதிர்ந்தது.

பதினெட்டாவது "ஆடாதே" வரவில்லை.