நாற்பத்தோரு வரியும் ஒரு மதகும்

மருதவெளி நாட்டின் கிணறுகளில் இன்னும் பத்து நாளைக்குத்தான் தண்ணீர் இருந்தது. பதினோராம் நாள் காலை எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு உப்புப் பாலையைக் கடந்து போய்விட வேண்டும் என்று அரசர் முரசறைவித்தார். பாலையைக் கடக்க எட்டு நாள் ஆகும். கொற்றியின் அக்கா வள்ளைக்கு அது நிறைமாதம்.

"நடுவழியில வலி வந்தா என்னக்கா செய்வே?" என்று கொற்றி கேட்டாள்.

"உப்புக்குப் பஞ்சமில்லாத இடம். பெத்து ஊறுகாய் போட்டு வச்சுக்கறேன்" என்றாள் வள்ளை, துணி மூட்டையை இறுக்கிக் கட்டியபடி. கட்டும்போது அவள் கை இரண்டு முறை இடுப்புக்குப் போனதைக் கொற்றி பார்த்தாள்.

அன்றே அரசவைக்குப் போய், முதல் அரசி நெடுமணி மலைக்குள் மூடிய மதகைத் தேடித் திறந்துவிட்டு வருவதாகச் சொன்னாள்.

கொற்றி அந்த நாட்டின் வரலாறு காப்பவள். பதவிக்கு வந்து நான்கு மாதம். வரலாறு என்பது மொத்தம் நாற்பத்தோரு வரி. ஆதியில் அந்த நிலம் முழுவதும் ஏரியாக இருந்தது என்றும், நெடுமணி என்ற முதல் அரசி கருமுகடு மலையின் வயிற்றுக்குள் புகுந்து மதகை அடைத்து நீரை மேலேயே நிறுத்தினாள் என்றும், வடிந்த சேற்றில் நகரம் எழுந்தது என்றும் ஊரே அறியும். வரலாற்றின் முதல் வரியை அரசியே எழுதினாள். மற்ற நாற்பதும் அவளுக்குப் பின் வந்த நாற்பது காப்பாளர்கள் எழுதியவை. பதவியேற்பவரின் கனவில் அரசி வந்து ஆளுக்கு ஒரு வரி சொல்லுவாள் என்பது நாட்டு நம்பிக்கை. எழுதிய வரியை யாரும் நீக்கக் கூடாது. திருவிழாவில் புது வரியை ஓதும்போது கூட்டம் வாய்பிளக்க வேண்டும். பிளக்காவிட்டால் பதவி போய்விடும்.

காப்பாளர்கள் கூட்டத்தை ஒருமுறையும் ஏமாற்றியதில்லை. ஆகவே மதகுக்குப் போகும் வழியில் நெருப்பாறு ஓடியது. பாறைகள் பாடி ஆளை மயக்கின. குகை வாசலில் நாகம் இருந்தது. அதற்கு முதலில் மூன்று தலைதான். பிற்பாடு வந்த இருவர் ஆளுக்கு இரண்டு கூட்டியதில் ஏழாகிவிட்டது. கடைசி வரியில், கொற்றியின் வரியில், தன் முகத்தைக் கண்டால் மட்டுமே சாகும் அரக்கி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

கொற்றியுடன் இரண்டு பேர் புறப்பட்டார்கள். அரண்மனைக் காவலன் தித்தனுக்கு மீசை பெரிது. அரண்மனைச் சமையற்காரர் பொறையன் அவனைவிட இருபது வயது மூத்தவர். நாகத்துக்குப் பால் வைக்கத் தெரிந்தவர் வேண்டும் என்று அவரைச் சேர்த்தார்கள். நாற்பது வரியில் இருந்த ஆபத்துகளுக்கு வேண்டியதைத் திரட்டுவதிலேயே ஐந்து நாள் போனது. நெருப்பாற்றுக்குக் கம்பளி, பாறைகளுக்குக் காதில் வைக்க மெழுகு, நாகத்துக்கு ஏழு பானைப் பால், அரக்கிக்கு ஆளுயரக் கண்ணாடி. நான்கு கழுதைகள். சரியாகச் சொன்னால் மூன்றும் ஒரு குட்டியும். கண்ணாடியைத் தூக்க எந்தக் கழுதையும் சம்மதிக்காததால் தித்தன் அதை முதுகில் கட்டிக்கொண்டான்.

ஆறாம் நாள் மதியம் நெருப்பாறு வரவேண்டிய இடத்தை அடைந்தார்கள். அங்கே வெறும் கல் ஓடை கிடந்தது. அதில் ஒரு ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"ஆறு எங்க போச்சு?" என்றார் பொறையன்.

"கண்ணுக்குத் தெரியாம ஓடும்னு பதினேழாவது வரி சொல்லுது" என்றாள் கொற்றி.

"அந்த ஓணான் வேகலியேம்மா."

"அதுக்குப் பழகியிருக்கும்."

வரலாற்றில் இருப்பதை விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. கம்பளிகளை நனைக்கச் சொன்னாள். மூன்று தோற்பைத் தண்ணீர் அதற்கே செலவாயிற்று. மூவரும் சொட்டச் சொட்டக் கம்பளி போர்த்திக்கொண்டு, காய்ந்த ஓடையை நுனிக்காலால் கடந்தார்கள். ஓணான் நகர்ந்து வழிவிட்டது.

பாறைகள் பாடவில்லை. ஆனாலும் ஏழாம் நாள் முழுவதும் காதில் மெழுகோடு நடந்ததால், பின்னால் கழுதைக்குட்டி கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அது பாதி உணவு மூட்டையைத் தின்று முடித்திருந்தது.

எட்டாம் நாள் குகை வாசலில் உண்மையாகவே ஒரு பாம்பு இருந்தது. கைவிரல் பருமன், தண்ணீர்ப் பாம்பு.

"எத்தனை தலை?" என்று தித்தன் கண்ணை மூடிக்கொண்டே கேட்டான்.

"ஒண்ணு."

"மத்த ஆறு?"

"உள்ள இருக்குமோ என்னவோ" என்றாள் கொற்றி. அவளுக்கே அது சரியாகப் படவில்லை.

பொறையன் ஏழு பானைகளையும் வரிசையாக வைத்து மூடியைத் திறந்தார். மூன்று நாள் வெயிலில் பால் தயிராகி, தயிர் வேறு ஏதோவாகியிருந்தது. பாம்பு ஒருமுறை நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு வெளியேறியது.

குகையின் வாய்க்குள் ஒன்பது துளைகள் தெரிந்தன. எது மதகுக்குப் போகும் வழி என்று தெரியவில்லை. இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. தித்தன் கண்ணாடியை இறக்காமலேயே பாறையில் சாய்ந்தான். கயிறு அறுத்து அவன் தோள் இரண்டும் புண்ணாகியிருந்தன.

"அரக்கி எந்தத் துளையில இருப்பா, கொற்றிம்மா? முதல்ல அவளை முடிச்சிடுவோம். இதை இறக்கினாப் போதும் எனக்கு."

கொற்றி அந்தத் தோளைப் பார்த்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"அரக்கி இல்ல, தித்தண்ணே."

"செத்துட்டாளா?"

"பொறக்கவேயில்ல. நான்தான் எழுதினேன். என் கனவுல அரசி வரல. பத்து ராத்திரி படுத்துப் பார்த்தேன். ஒருநாள் மாமியார் வந்தாங்க, அவ்வளவுதான். திருவிழா நெருங்கிடுச்சு. குளிக்கும்போது தோணினதை எழுதிட்டேன். அத்தனை பேருக்கும் வந்த அரசி எனக்கு மட்டும் வரலேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

தித்தன் கயிற்றை அவிழ்த்துக் கண்ணாடியைக் கீழே இறக்கினான். பிறகு, "மூணு நாளும்மா" என்றான். "சாய்ஞ்சு படுக்கக்கூட இல்ல."

பொறையன் மட்டும் தாடையைச் சொறிந்தார். "கேக்கறேன்னு தப்பா நினைக்காதே. நெருப்பாறு இல்ல. பாட்டு இல்ல. பாம்புக்கு ஒரு தலை. மத்த முப்பத்தொம்பது பேருக்கு மட்டும் அரசி வந்தாங்கன்னு யார் சொன்னது?"

நான்கு மாதமாகத் தன்னை மட்டுமே பொய்க்காரி என்று நினைத்து வந்த கொற்றிக்கு, நாற்பது பேரும் குளியலறையில் உட்கார்ந்து யோசிப்பது போல ஒரு காட்சி மனதில் தோன்றியது.

"அப்ப மிச்சம் ஒரே வரி" என்றாள் மெதுவாக. "முதல் வரி. அதை யாரும் ஓதறதில்ல. யாரும் வாய்பிளக்க மாட்டாங்க."

"சொல்லு, கேப்போம்."

கண்ணை மூடி நினைவுபடுத்திச் சொன்னாள்: "இடமிருந்து நாலாவது துளை. கல் வழுக்கும். அடைகல்லைச் சுற்றிச் சேறு சேரும், அள்ள ஒரு பகல் ஆகும், ஆள் மூன்று வேண்டும்."

"இது வரலாறு இல்லியே. வேலைக்காரனுக்கு எழுதி வச்ச குறிப்பு" என்றார் பொறையன். "எனக்குப் புரியுது."

கண்ணாடியை வாசலிலேயே நிறுத்தினார்கள். நாலாவது துளைக்குள் பந்தத்தோடு நுழைந்த நான்காவது அடியில் தித்தன் வழுக்கி விழுந்தான். அவனைத் தூக்கப் போன பொறையனும் விழுந்தார். "வரி சரிதான்" என்று சொல்லிக்கொண்டே கொற்றியும் விழுந்தாள். மூவரும் உட்கார்ந்தபடியே சறுக்கி, இடுப்பளவுச் சேற்றில் போய் நின்றார்கள். எதிரே வண்டிச் சக்கரம் அளவு ஒரு வட்டக் கல். அதன் விளிம்பில் நீர் கசிந்தது. கல்லில் காது வைத்துக் கேட்டபோது, அந்தப் பக்கம் ஏரி அசைவது கேட்டது.

மண்வெட்டி கொண்டுவரவில்லை. நாற்பது வரி ஆபத்துகளில் சேறு இல்லை. தயிரைக் கொட்டிவிட்டுப் பானைகளால் அள்ளினார்கள். ஐந்து பானைகள் உடைந்தன. ஒன்பதாம் நாள் பொழுது சாயும்போது கல்லின் அடி தெரிந்தது. கம்பளிகளைக் கிழித்துக் கயிறாக்கி, கல்லில் காதுபோல் நீண்டிருந்த பிடியில் கட்டி, மேட்டில் ஏறி நின்று மூவரும் இழுத்தார்கள்.

"அக்கா" என்று கொற்றி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். வேறு எதுவும் அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

கல் ஒரு சாண் புரண்டது. அது போதுமாயிருந்தது.

பதினோராம் நாள் காலை மூவரும் நகருக்குத் திரும்பியபோது, வாய்க்கால்களில் தண்ணீர் அவர்களுக்கு முன்பே வந்து ஒரு நாள் ஆகியிருந்தது. கோட்டை வாசலில் கூட்டம். அவர்கள் ஏழு தலைகளை வெட்டிய கதையை யாரோ ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது எட்டுத் தலை.

கொற்றியை ஒரு வண்டிமேல் ஏற்றினார்கள். "எப்படி வென்றீர்கள்?" என்று அரசர் கேட்டார்.

"சேறு அள்ளினோம், அரசே. கல் வழுக்கியது. போகிறவர்கள் மண்வெட்டி எடுத்துப் போகவேண்டும். இனித் திருவிழாவில் முதல் வரியைத்தான் முதலில் ஓதுவேன்."

ஒருவரும் வாய்பிளக்கவில்லை. பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள். பதவி போனாலும் போகட்டும் என்று கொற்றி வண்டியிலிருந்து இறங்கி வீட்டுக்கு ஓடினாள்.

வள்ளை வாய்க்கால் படியில் காலை நீரில் விட்டுக்கொண்டு, மூட்டையின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தலைமுதல் கால்வரை சேறாக நின்ற தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வலி கண்டிருக்கு" என்றாள். "விடியற்காலையிலேர்ந்து. மருத்துவச்சி உள்ள இருக்கா. வெந்நீர் வைக்கணுமாம். மதகையே திறந்தவ, ஒரு குடம் மொண்டுட்டு வரமாட்டியா?"

கொற்றி குடத்தை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினாள்.